ஹைப்ரிட் மட்டை வாங்குகிறீர்களா? விலைச் சீட்டை உரித்துப் பாருங்கள்

சிங்கப்பூரில் கோல்ஃப் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தை எளிதில் மேலே எழுப்பும் கலப்பு வகையான ஹைப்ரிட் மட்டை வாங்கினால், தண்டில் சுற்றியிருக்கும் விலைச் சீட்டைக் கடைக்காரர் முன்னாலேயே உரித்துவிடுங்கள். என் வீட்டுக்கு வந்த இரண்டு மட்டைகளிலும் அந்தச் சீட்டு, தண்டின் விறைப்பைக் காட்டும் எழுத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றில் என்றால் தற்செயல் எனலாம். இரண்டிலுமா?

நான் பணம் கட்டியது ரெகுலர் தண்டுக்கு. அதில் 'ஆர்' என்று இருக்க வேண்டும். உரித்தால் 'எஸ்', அதாவது ஸ்டிஃப். வேகமாக வீசுபவர்களுக்கான விறைப்பு அது. டிரைவர் எனும் மிக நீண்ட மட்டையை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவர்களுக்கு ரெகுலர் பொருந்தும் என்பது தோராயக் கணக்கு. என் வேகம் அந்த வரம்பின் அடிமட்டத்தில் இருப்பதை அதே கடையின் கருவியில் அளந்து காட்டியவரும் அந்த விற்பனையாளர்தான்!

அடுத்தது மட்டையின் எண். 4, 5 கேட்டிருந்தேன். வந்தவை 3, 4. தொலைபேசியில் கேட்டபோது, "இந்த நிறுவனத்தின் 3, மற்றவர்களின் 4-க்குச் சமம்" என்றார்கள். பாதி உண்மையை வைத்து முழுப் பொய் சொல்வது இப்படித்தான். எண்களுக்குப் பொதுவான தரம் கிடையாது என்பது உண்மை. ஆனால் 3 என்று வந்த மட்டையின் அடியில் 19 பாகை என்று பொறித்திருந்தது. 4 என்றால் பொதுவாக 22, 23. 5 என்றால் 25, 26. புதியவர்கள் கேட்க வேண்டியது முகப்பின் இந்தச் சாய்வைத்தான்.

மெல்லிய உலோகத் தலை கொண்ட நீண்ட அயர்ன் மட்டைகளால் பந்தை மேலே எழுப்பத் திணறுபவர்களுக்கு ஹைப்ரிட் ஒரு வரம். தலையின் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் உயர்ந்த புல்லுக்குள் கிடக்கும் பந்துகூட எளிதில் கிளம்பும். கோல்ஃபின் பெரும்போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், 2009-இல், கடைசிக் குழியில் கொரியாவின் ஒய்.ஈ.யாங், டைகர் உட்ஸை முந்தி நின்றபோது பந்தைக் கொடியருகே கொண்டுபோய்ச் சேர்த்தது ஹைப்ரிட்தான். ஆனால் சாய்வு குறைந்து, தண்டும் விறைத்தால், மெதுவாக வீசுபவருக்கு அந்த வசதி பறிபோகிறது. பயிற்சித் திடலில் என் பந்துகள் தாழப் பறந்து வலப்பக்கம் ஒதுங்கின. சீட்டை உரிக்கச் சொன்னவர் என் பயிற்றுவிப்பாளர்.

மாற்றிக் கொடுக்கக் கடை மறுத்துவிட்டது. முகப்பில் பந்து பட்ட தடம் இருக்கிறதாம், பயன்படுத்திய பொருளாம். அடிக்காமல் மட்டையை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. ரசீதில் 'ஹைப்ரிட் 2' என்று மட்டும் இருக்கிறது. அது எண்ணா, எண்ணிக்கையா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஆகவே சாய்வு எத்தனை பாகை, தண்டு ரெகுலரா ஸ்டிஃபா என்பதை ரசீதில் எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவர்களைப் பாதுகாக்க 2012 முதல் நடப்பிலுள்ள 'லெமன்' சட்டம், ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளுக்கும் பொருந்தும். ஆனால் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் காட்ட எழுத்து வேண்டுமே. நல்லவேளையாக, 'ரெகுலர், 4, 5' என்று விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி என்னிடம் இருக்கிறது. அதை இணைத்துப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். புகார் போனதும் கடையிலிருந்து 50 வெள்ளிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், அதே கடையில் செலவழிக்க. வேண்டாம் என்று எழுத்திலேயே பதில் அனுப்பிவிட்டேன்.