ஐகேன் லுக்அப்: உங்க டொமைன்ல என்னென்ன வெளில தெரியுதுன்னு பாத்துக்கோங்க

2017ல அக்காவோட மசாலாப்பொடி வியாபாரத்துக்கு ஒரு டாட் காம் டொமைன், அதாவது வெப்சைட் பேர், வாங்கினோம். ஃபார்ம்ல கேட்ட பேர், வீட்டு அட்ரஸ், அக்கா செல் நம்பர்னு எல்லாத்தையும் அப்படியே போட்டேன், அது ஹூயிஸ்ங்கற டொமைன் ஓனர் விவரப் பட்டியல்ல யார் வேணா பாக்கலாம்னு ஒருத்தரும் சொல்லல. மறுநாள் காலைலேருந்து போன் மேல போன், "மேடம் வெப்சைட் பண்ணித் தரோம், லோகோ போட்டுத் தரோம்"னு, ஒரே வாரத்துல அக்கா புது நம்பர்னாலே எடுக்குறத விட்டுட்டாங்க, அதுல எத்தன ஆர்டர் போச்சோ தெரியாது. இத மறைக்கணும்னா வருசா வருசம் தனியா காசு கட்டணும்னு டொமைன் வித்த கம்பெனில சொன்னாங்க பாருங்க, அந்தக் கோவம் இன்னும் தீரல.

2018 மே 25 ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்துச்சு, அதையொட்டித் தான் டொமைன் பேருக்கெல்லாம் விதி போடுற உலக அமைப்பான ஐகேன் விதிய மாத்தி பேர், தெரு, போன் எல்லாம் மறைக்க வழி பண்ணாங்க. நிறைய ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைன் விக்கிற கம்பெனிங்க, இப்ப ஃப்ரீயாவே மறைக்குறாங்க. ஆனா மாநிலம், நாடு தெரியும், கம்பெனி பேர் போட்டிருந்தா அதுவும் சில இடத்துல தெரியும். அதனால நீங்களே போய் பாத்துடுங்க. லுக்அப் டாட் ஐகேன் டாட் ஓஆர்ஜி, காசு கிடையாது, லாகின் கிடையாது, டொமைன் பேர டைப் பண்ணா போதும்.

எனக்கு ரொம்ப உதவுறது அதுல வர்ற டொமைன் உருவான தேதி. ஓனர் பேர் மறைஞ்சிருந்தாலும் இந்தத் தேதி மறையாது, ஓனர் நெனச்சாலும் மாத்த முடியாது. "இருபது வருசமா ஆன்லைன்ல சேலை விக்கிறோம்"னு ஒரு சைட், தேடிப் பாத்தா டொமைன் வாங்கி மூணே வாரம். பணம் கட்டாம தப்பிச்சேன்.

ஒரு குறை, ரிசல்ட் சாதாரண ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி இல்ல. "க்ளையண்ட் ட்ரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிடட்"னு பாத்துட்டு அக்கா பயந்தே போயிட்டாங்க, அது வேற யாரும் டொமைன வேற கம்பெனிக்கு மாத்திடக் கூடாதுன்னு போடுற பூட்டு, இருக்கறது நல்லது தான்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு ப்ரைவசிக்காக பொய் விவரம் குடுக்காதீங்க. ஸ்டூடியோ வச்சிருக்க ஃப்ரெண்டு ஒருத்தன் கால் தொல்லைக்கு பயந்து டம்மி நம்பரும் தொறக்கவே தொறக்காத ஒரு மெயிலும் குடுத்தான். டொமைன் வாங்கின 15 நாளுக்குள்ள மெயில் இல்லன்னா போன் நம்பர வெரிஃபை பண்ணணும், இல்லன்னா ரெஜிஸ்ட்ரார் டொமைன நிறுத்தி வைக்கலாம்னு விதி இருக்கு. தை மாசம், கல்யாண சீசன், சைட் படுத்துருச்சு. வெரிஃபை பண்ற லிங்க் அந்தப் பழைய மெயில்லயே கெடந்திருக்கு, பாஸ்வேர்டு மறந்து போய் அத தொறக்கவே ரெண்டு நாள் ஆச்சு. உண்மையான விவரத்த குடுத்துட்டு மறைக்கச் சொல்லுங்க, ரெண்டும் வேற வேற.

டாட் இன் வாங்குறவங்க கவனிங்க, அதுல வேற பேர முன்னாடி நிறுத்துற ப்ராக்ஸி சேவைக்கு, டாட் இன்ன நிர்வகிக்கிற நிக்ஸி அமைப்போட அனுமதி கிடையாது. அதனால அதுக்குன்னு யாராவது காசு கேட்டா என்ன சேவைன்னு கேட்டுட்டு கட்டுங்க.