விளம்பரம் ஓடவில்லை: ஒட்டுப்போடுவதா, நிறுத்துவதா?

கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்கிறீர்கள், பேஸ்புக் விளம்பரத்தால் ஆர்டர் வரவில்லை என்று வையுங்கள். ஒட்டுப்போடும் வழி பழகியதுதான்: படத்தை மாற்று, வாசகத்தை மாற்று, இன்னும் கொஞ்சம் பணம் போடு. விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்தவர்கள் கூரியர் செலவைப் பார்த்துத் திரும்புகிறார்கள் என்றால் சரி, அது திருத்தக்கூடிய குறை, திருத்துங்கள். ஆனால் யாருமே தட்டாத விளம்பரத்தை, போட்ட பணம் போகிறதே என்று பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவே இல்லை, ஏனென்றால் போனது நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது.

நிறுத்தினால் பணமும் நேரமும் மிஞ்சும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல்லைத் தேடியே வருகிறவர்களைச் சந்திக்கலாம், சம்பா அறுவடை முடிந்ததும் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் புது அரிசி வந்த செய்தி சொல்லலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் ஏன் வாங்கவில்லை என்று அவர்களிடமே கேட்க முடியும்.