கல்லும் ஒளியும்: இரண்டு நினைவுச் சிற்பங்கள்

பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோருக்கான) நினைவுச் சிற்பங்களில் இந்த இரண்டும் என் மனதை விட்டு அகலவே இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் கரின் டான் வடிவமைத்து 1987இல் திறக்கப்பட்டது, இளஞ்சிவப்பு கிரானைட்டில் மூன்று முக்கோணங்கள். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் உடையில் தைத்த அதே அடையாளம்! ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது, இன்னொன்று சற்றே உயர்ந்த மேடை. மூன்றாவது படிகளாக இறங்கிக் கால்வாய் நீரைத் தொடுகிறது. அங்கேதான் மலர் வைக்கிறார்கள்.

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையில் அந்தோனி கோய்கொலியா 2018இல் அமைத்தவை ஒன்பது வெண்கலப் பாறைகள். சிலவற்றின் பிளவில் கண்ணாடி. வெயில் பட்டால் வானவில் சிதறும். 2016இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் பால்புதுமையினர் கூடும் இரவு விடுதியில் நடந்த துப்பாக்கிப் படுகொலையின் துயரமும் இதன் பின்னணியில் உண்டு.

அழகு என்றால் ஹட்சன்தான். ஆனால் மேகம் மூடினால் அந்த வானவில் இல்லை. கால்வாய்ப் படிகளுக்கு வெயில் தேவையில்லை, உட்கார ஒரு மனிதர் போதும். எனக்கு அதுவே நெருக்கம்.