திரைக்கதை ஆசிரியரின் கணக்கில் எவ்வளவு வரவு வைப்பது? ஷேன் பிளாக் படங்களின் வழியாக ‘தி நம்பர்ஸ்’ தளம் பற்றி ஒரு மதிப்பீடு

ஹாலிவுட் படங்களின் வசூலைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்க உதவும் சேவைகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று 1997இல் புரூஸ் நாஷ் தொடங்கிய ‘தி நம்பர்ஸ்’. மற்றொன்று 1998இல் பிராண்டன் கிரே தொடங்கி, 2008இல் அமேசான் குழுமத்தின் கைக்குச் சென்ற ‘பாக்ஸ் ஆபீஸ் மோஜோ’. 2019இல் மோஜோவின் வடிவம் மாற்றப்பட்டபோது அதன் பல பகுதிகள் சந்தா செலுத்துவோருக்கு மட்டும் என்றாயின. அதன் பிறகு, ஒரு கலைஞரின் முழுத் தொழில் வாழ்க்கையையும் வசூல் கணக்காகப் பார்க்க விரும்புபவர் பெரும்பாலும் தி நம்பர்ஸ் தளத்தையே நாட வேண்டியிருக்கிறது. நடிகருக்கும் இயக்குநருக்கும் அது எப்படிப் பயன்படுகிறது என்பது பலருக்கும் தெரியும். திரைக்கதை ஆசிரியர் ஒருவரின் கணக்கைப் பார்ப்பதற்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கு என் கேள்வி. அதற்கு ஷேன் பிளாக்கை விடப் பொருத்தமான சோதனை கிடைப்பது அரிது. எழுத்துக்காக அவர் பெற்ற தொகைகள் அக்காலத்தில் சாதனைகளாகப் பேசப்பட்டன; அவருடைய படங்களோ பெருவெற்றியிலிருந்து படுதோல்வி வரை எல்லாப் படிகளிலும் நிற்கின்றன.

தளத்தின் முதல் சிறப்பு, ஒருவரின் பொறுப்புகளைப் பிரித்துக் காட்டுவது. திரைக்கதை எழுதியது வேறு, கதை மட்டும் கொடுத்தது வேறு, இயக்கியது வேறு என்று தனித்தனியாகத் தொகைகள் வருகின்றன. இது சிறிய வசதி அல்ல. 1989இல் வந்த ‘லீதல் வெப்பன் 2’ அமெரிக்கா, கனடாவில் 14.7 கோடி டாலர் ஈட்டியது. அதில் பிளாக்கின் பெயர் கதைக்கு மட்டுமே வருகிறது, திரைக்கதை ஜெஃப்ரி போம் எழுதியது. கதாநாயகன் இறந்துபோவதாக பிளாக் எழுதிய வடிவத்தை நிறுவனம் ஏற்கவில்லை, அவர் விலகினார். அந்தத் தொகையை அவருடைய திரைக்கதை வசூலில் சேர்த்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

ஆனால் பொறுப்புக்கு நேரே நிற்கும் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்தானது. பிளாக் திரைக்கதை எழுதிய ஒன்பது திரையரங்குப் படங்களின் வட அமெரிக்க வசூலைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 71 கோடி டாலர் வருகிறது. அதில் ‘அயர்ன் மேன் 3’ என்ற ஒரே படம் 40.9 கோடி. பாதிக்கும் மேற்பட்ட தொகை, ஏற்கெனவே உலகம் அறிந்த ஒரு பாத்திரத்தின் மூன்றாம் பாகத்திலிருந்து, அதுவும் ‘தி அவெஞ்சர்ஸ்’ பெருவெற்றி பெற்ற மறு ஆண்டில் வந்திருக்கிறது. அந்தத் திரைக்கதையை ட்ரூ பியர்ஸும் அவரும் சேர்ந்து எழுதினார்கள்; முழு 40.9 கோடியும் பியர்ஸின் கணக்கிலும் ஒரு முறை, பிளாக்கின் கணக்கிலும் ஒரு முறை வரவாகிறது. பிளாக்கின் பெயர் மட்டுமே திரைக்கதைக்கு வரும் படங்கள் நான்கு: ‘லீதல் வெப்பன்’, ‘தி லாஸ்ட் பாய் ஸ்கவுட்’, ‘தி லாங் கிஸ் குட்நைட்’, ‘கிஸ் கிஸ் பேங் பேங்’. இவற்றின் வட அமெரிக்க வசூல் மொத்தம் 16 கோடி டாலரைச் சற்றே தாண்டுகிறது. 71 கோடி எங்கே, 16 கோடி எங்கே! இரண்டும் உண்மையான எண்கள்தான். ஆனால் எழுத்தாளரின் சந்தை மதிப்பைப் பற்றிப் பேசுபவர் இரண்டாவதையே கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தளம் தானாகக் கூட்டித் தருவதில்லை, நாமே படம் படமாகப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

படத்துக்குரிய பக்கங்களைப் பற்றி இத்தகைய தயக்கம் எனக்கு இல்லை. முதல் வார இறுதி வசூல், மொத்தத்தில் அது எத்தனை சதவீதம், அதிகபட்ச வார இறுதியைப் போல் மொத்த வசூல் எத்தனை மடங்கு, தயாரிப்புச் செலவைப் போல் உலக வசூல் எத்தனை மடங்கு, எத்தனை திரையரங்குகள் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த மடங்குக் கணக்கு எழுத்தாளரைப் பற்றி மொத்தத் தொகையை விட நேர்மையாகப் பேசுகிறது என்று நினைக்கிறேன். முதல் மூன்று நாள் கூட்டத்தை விளம்பரமும் நட்சத்திரமும் கொண்டுவரலாம். பிறகு வருபவர்கள் பெரும்பாலும் யாரோ பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டு வருபவர்கள். 1987 மார்ச்சில் வெளியான ‘லீதல் வெப்பன்’ முதல் வார இறுதியில் 68 லட்சம் டாலர் மட்டுமே பெற்று, இறுதியில் 6.5 கோடியில் நின்றது. ஒன்பது மடங்குக்கும் மேல். ‘அயர்ன் மேன் 3’ முதல் வார இறுதியிலேயே 17.4 கோடி பெற்றது; மொத்தம் அதைப் போல் 2.35 மடங்குதான். 2018இல் வந்த ‘தி பிரிடேட்டர்’ இரண்டு மடங்கைச் சிரமப்பட்டுத் தாண்டியது. 2016இன் ‘தி நைஸ் கைஸ்’ அடைந்தது 3.2 மடங்கு. பழைய படங்கள் மாதக்கணக்கில் திரையரங்குகளில் ஓடின, புதியவை சில வாரங்களில் இறங்கிவிடுகின்றன என்பதால் 1987ஐயும் 2016ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் ‘தி நைஸ் கைஸ்’ படத்தையும் ‘தி பிரிடேட்டர்’ படத்தையும் தாராளமாக ஒப்பிடலாம். மொத்த வசூலில் பின்தங்கிய படமே பார்த்தவர்களிடம் நல்ல பெயர் வாங்கியது என்பது அந்த ஒப்பீட்டில் தெளிவாகத் தெரிகிறது.

வார இறுதிப் பட்டியல்களும் அதே அளவுக்குப் பயனுள்ளவை. ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’ ஏன் தோற்றது என்று எழுதியவர்கள் ஏராளம். 1993 ஜூன் மாதப் பட்டியலைத் திறந்தால் காரணங்களில் ஒன்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஜூன் 11 அன்று ‘ஜுராசிக் பார்க்’ வந்தது. ஒரு வாரம் கழித்து, அந்தப் படத்தின் அலை சற்றும் ஓயாத நிலையில், ஷ்வார்ஸ்நேகரின் படம் இரண்டாம் இடத்தில் 1.5 கோடி டாலரோடு தொடங்கியது. இறுதி வசூல் 5 கோடி. ‘தி நைஸ் கைஸ்’ வந்த வாரமும் இப்படித்தான்: ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’ முதலிடம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ‘சிவில் வார்’ இரண்டாம் இடம், ‘நெய்பர்ஸ் 2’ மூன்றாம் இடம், அதன் பிறகுதான் இது. எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் வெளியீட்டுத் தேதியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்றுகள்.

விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் கொண்ட வசூலும் படத்தின் பக்கத்தில் தரப்படுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. வட அமெரிக்காவில் டிக்கெட்டின் சராசரி விலை 1987இல் 3.91 டாலர், 2013இல் 8.13 டாலர். இவற்றால் வகுத்தால் ‘லீதல் வெப்பன்’ சுமார் 1.67 கோடி டிக்கெட்டுகளும், ‘அயர்ன் மேன் 3’ ஏறத்தாழ 5 கோடி டிக்கெட்டுகளும் விற்றிருக்கின்றன. டாலரில் ஆறு மடங்காகத் தெரிந்த இடைவெளி மூன்று மடங்காகச் சுருங்குகிறது. முப்பரிமாணக் காட்சிகளின் கூடுதல் கட்டணத்தைக் கழித்தால் இன்னும் குறையும். தோல்விப்படம் என்று பெயர்பெற்ற ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’ சுமார் 1.2 கோடி டிக்கெட்டுகள் விற்றது. விமர்சகர்கள் கொண்டாடிய ‘தி நைஸ் கைஸ்’ விற்றது ஏறக்குறைய 42 லட்சம்.

தளத்தில் கிடைக்காதவையும் உண்டு, எழுத்தாளரைப் பற்றி அறிய விரும்புபவருக்கு அவை முக்கியமானவை. ‘தி லாஸ்ட் பாய் ஸ்கவுட்’ திரைக்கதை 17.5 லட்சம் டாலருக்கும், ‘தி லாங் கிஸ் குட்நைட்’ 40 லட்சம் டாலருக்கும் விற்பனையாயின. இரண்டாவது படத்தின் தயாரிப்புச் செலவு 6.5 கோடி, வட அமெரிக்க வசூல் 3.3 கோடி. அந்த வசூலில் திரையரங்குகளின் பங்கு போகத் தயாரிப்பாளருக்குத் தோராயமாகப் பாதிதான் வரும். எழுத்துக்குக் கொடுத்த விலையும் படம் ஈட்டியதும் அருகருகே இருந்தால் ஒரு காலகட்டத்தின் வரலாறே கண்முன் வரும், ஆனால் அந்த விலை இப்பக்கங்களில் இல்லை. பெயர் வராமல் எழுதிக் கொடுத்தவர்களும் இல்லை: ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’வில் வில்லியம் கோல்ட்மன் கைவைத்தார், முதல் ‘லீதல் வெப்பன்’ படத்தில் போம் கைவைத்தார். எழுத்தாளர் சங்கம் முடிவுசெய்த பெயர்களையே தளம் பின்பற்றுகிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் வேறு எந்த அடிப்படையை எடுத்தாலும் அது வதந்தியில் போய் முடியும்.

திரையரங்குக்கு வெளியே கிடைத்த வருமானம்தான் எனக்குப் பெரிய இடைவெளியாகத் தோன்றுகிறது. டிவிடி, புளூ-ரே விற்பனைக்கு மதிப்பீடுகள் தரப்படுகின்றன. ஒளிநாடாக் காலம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது. பிரெட் டெக்கருடன் பிளாக் எழுதிய ‘தி மான்ஸ்டர் ஸ்குவாட்’ 1987இல் திரையரங்குகளில் 38 லட்சம் டாலர் மட்டுமே பெற்றது. அதன் ரசிகர்கள் பின்னர் வீடுகளில் உருவானார்கள். 42 லட்சத்தில் நின்ற ‘கிஸ் கிஸ் பேங் பேங்’ படமும் அதே வழியில்தான் தன் பார்வையாளரைச் சேர்த்தது. இவ்விரண்டையும் கீழ்வரிசையில் கண்டு கடந்துவிடும் வாசகர், அவருடைய படங்களில் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுபவை எவை என்பதை இந்தப் பட்டியலிலிருந்து அறிய முடியாது.

விரிவான தரவுக்குக் கட்டணச் சேவை தனியாக இருக்கிறது. சாதாரண வாசகருக்கு அது தேவைப்படாது. தளத்தின் தோற்றம் பழையது, அட்டவணைகள் அடர்த்தியானவை, கைப்பேசியில் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். படக்கணக்குக்கு ஐந்தில் நாலரையும், எழுத்தாளர் கணக்குக்கு ஐந்தில் மூன்றும் தருவேன். தனியாக எழுதியதையும் கூட்டாக எழுதியதையும் இரண்டு வரிகளாகப் பிரித்துக் கூட்டுத்தொகை காட்டினாலே அந்த மூன்று நான்காகிவிடும்.