லோ யாட்டில் இரண்டாயிரம் வெள்ளிக்குள் லேப்டாப்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் இரண்டாயிரம் வெள்ளியோடு ஏறி இறங்கினால் மூன்று வகைச் சரக்கு கண்ணில் படும்: இன்டெல் என்100 மாதிரி சின்னச் சிப் போட்ட புதிய மெஷின்கள், பெரிய பிராண்டுகளின் அடிமட்ட மாடல்கள், கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் லேப்டாப்கள். கொடுக்கிற காசுக்கு மதிப்பு மூன்றாவதில்தான் அதிகம். சோதிக்கத் தெரியாதவர் ஏமாறுவதும் அங்கேதான்.

என்100 2023இல் வந்த சிப். நான்கே கோர்கள், நான்கும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் சின்னக் கோர்கள். மெமரிக்குப் போகும் வழியும் (சேனல்) ஒன்றே. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் வீட்டுப்பாடம், வேர்ட், யூடியூப் என்றால் தாராளமாகப் போதும். கூகுள் மீட் ஓடும்போதே பெரிய எக்செல் கோப்பையும் பத்துப் பதினைந்து டேப்களையும் திறந்தால் திணறும். சிப்பைவிட டிஸ்க்கில்தான் ஆபத்து. விலையைக் குறைக்க 128 ஜிபி இஎம்எம்சி (மெதுவான மலிவுச் சேமிப்பு) போட்ட மாடல்கள் உண்டு. அது போர்டோடு சேர்த்து ஒட்டியது, கழற்றி மாற்ற வழியில்லை. விண்டோஸ் அப்டேட் இறங்கும்போது மெஷினே உறைந்து நிற்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் மாடல் பெயரைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பெரிய பிராண்டுகளின் மலிவு மாடல்களில் பெயரே பொறி. ஐ3-என்305 என்ற பெயரில் 'ஐ3' இருந்தாலும் எட்டும் சின்னக் கோர்கள். ஐ3-1315யூவில் இரண்டு பெரிய கோர்களும் நான்கு சின்னவையும் உண்டு. விலை வித்தியாசம் சிறிதென்றால் 1315யூவை எடுங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். 7520யூவில் அது 2, அதாவது 2019இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள். 7530யூவில் அது 3: ஸென் 3, ஆறு கோர்கள். பத்து எண்தான் கூடுதல், சிப்போ ஒரு தலைமுறை புதிது. 7520யூவுக்கு ரேம் எப்போதும் போர்டில் ஒட்டியே வரும், ஆகவே 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

'ரேமைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய கணக்கும் இப்போது உதைக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 ரேம் செருகிய பழைய மெஷின் கூடுதல் லாபமாவது இதனால்தான்.

இனி அந்தப் பழைய சரக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்றுக்கொள்ள, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். லெனோவோ திங்க்பேட் டி470 மலிவாகக் கிடைக்கக் காரணம் அதன் சிப் ஆறாம், ஏழாம் தலைமுறை என்பதே. கடைக்காரர் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றித் தருவார், ஓடவும் செய்யும். அப்டேட் தொடருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. ரேமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடிய இன்னொன்று. இந்த விலையில் இதுதான் எங்கள் முதல் தேர்வு. டி480எஸ் மெலிசாக இருக்கிறதென்று மயங்க வேண்டாம், அதில் ஒரு ரேம் ஒட்டியது, ஸ்லாட் ஒன்றுதான். எச்பியின் எலைட்புக் 840 ஜி5 நல்ல மாற்று. ஆனால் சிலவற்றில் ஏழாம் தலைமுறைச் சிப் இருக்கும், சிப்பின் எண் 8இல் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

டி480இல் தெரிந்த குறை ஒன்று உண்டு. யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் (உள்மென்பொருள்) புதுப்பிக்காமல் விட்ட மெஷின்களில் அந்தப் போர்ட் பாதி செத்திருக்கலாம். அந்தப் போர்ட்டில் சார்ஜரையும், முடிந்தால் மானிட்டரையும் செருகிப் பாருங்கள். 1366க்கு 768 டிஎன் திரை (மங்கலான பழைய ரகம்) போட்டவையும் நிறையச் சுற்றுகின்றன. ஃபுல் எச்டி ஐபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

மெஷினை ஆன் செய்ததும், விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போங்கள் (திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2). பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் ஆட்டோபைலட் பட்டியலில் (கம்பெனி தன் மெஷின்களை இணையம் வழி கட்டுப்படுத்தும் ஏற்பாடு) இருக்கிறது. இணையம் இல்லாமல் ஏற்றித் தருகிறேன் என்பார் தவுக்கே. அடுத்த ரீசெட்டில் பூட்டு மறுபடி விழும். ரீசெட்டுக்கு அரைமணிக்கு மேல் ஆகலாம். கீழே தேத்தாரிக் குடித்துவிட்டு வாருங்கள், அந்த நேரத்தைத் தர மறுக்கும் கடை வேண்டாம்.

விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். எழுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். டி480க்கு இரண்டு பேட்டரியும் தனித்தனியே வரும், இரண்டையும் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டியின் நலத்தைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். இலவசமாக ஏற்றித் தரும் ஆஃபீஸ் பெரும்பாலும் கிராக் செய்தது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் மெஷின்கள் பேட்டரியில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவற்றின் சிப் இன்டெல் வகை அல்ல, ஆர்ம் வகை; அதற்கான டிரைவர் இல்லாத பழைய பிரிண்டரும் டாங்கிள் (யூஎஸ்பி உரிமச் சாவி) செருகி ஓடும் கணக்கு மென்பொருளும் அவற்றில் தகராறு செய்யும். ஏஐ ஸ்டிக்கருக்காகத் தனிக்காசு தர மாணவருக்குக் காரணமே இல்லை. குரோம்புக் எடுத்தால் அப்டேட் முடியும் தேதியைப் பாருங்கள். அப்டேட் கிடைக்கும் பத்து ஆண்டு, பிளாட்ஃபார்ம் (அந்த மாடலின் அடிப்படை வடிவமைப்பு) வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

ரசீதில் மாடல், சீரியல் எண், வாரண்டி காலம் மூன்றும் இருக்கட்டும். சொந்த உபயோகக் கணினி, ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிவிலக்கில் சேரும். ஏழு ஆண்டுகள் ரசீதை வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். கையில் ரசீது இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.