டெல்டாவா, இன்லைனா: பழைய கலர் டிவியில் எதை வைத்துக்கொள்வது?

சில மாதங்கள் என் அறையில் இரண்டு பழைய கலர் டிவிகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஒன்று 26 அங்குலம். மரப்பெட்டி, உள்ளே பாதி வால்வு, பாதி டிரான்சிஸ்டர், பிக்சர் டியூப் டெல்டா வகை. மற்றது 20 அங்குலம். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே டிரான்சிஸ்டரும் ஐசியும்தான், டியூப் இன்லைன் வகை. இரண்டுக்கும் இடமில்லை. சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை அனுப்பிவிட்டேன். அழகு என்று பார்த்தால் பெரியதன் கால்தூசிக்கு வராது சின்னது. ஆனாலும் இந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வித்தியாசம் டியூப்பின் கழுத்துக்குள் இருக்கிறது. கலர் டியூப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எலக்ட்ரான் கற்றைகள் வேண்டும். டெல்டாவில் அந்தக் கற்றைகளை வீசும் மூன்று துப்பாக்கிகளும் அடுப்புக் கல் மாதிரி முக்கோணமாக நிற்கும். இன்லைனில் மூன்றும் படுக்கை வாட்டில் ஒரே வரிசை. 1954இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் விற்ற சிடி-100 டிவி தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் டெல்டாவின் ராஜ்ஜியம். 1966இல் ஜெனரல் எலக்ட்ரிக் தன் சின்ன போர்ட்டா-கலர் பெட்டியில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்தது. 1968இல் சோனியின் ட்ரினிட்ரான், ஒரே துப்பாக்கியிலிருந்து மூன்று கற்றை. 1972இல் ஆர்சிஏவே யோக்கோடு (கழுத்தைச் சுற்றி நின்று கற்றைகளைத் திரை முழுக்கத் திருப்பும் செம்புச் சுருணை) சேர்த்து வடிவமைத்த இன்லைன் டியூப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு டெல்டா மெல்ல ஒதுங்கிவிட்டது. ஒதுங்கியதற்குப் பெரிய காரணம் படத்தின் தரம் இல்லை, சரிசெய்யும் வேலைதான்.

அதற்குள் போகும் முன் டியூனிங்கைச் சொல்லிவிடுகிறேன். அது சீக்கிரம் முடிகிற விஷயம். என் இரண்டு பெட்டிகளிலும் ஆன்டெனா சாக்கெட் மட்டும்தான், படத்தையும் ஒலியையும் நேராகச் செருகும் ஏவி சாக்கெட் கிடையாது. இன்றைய எந்த செட்-டாப் பெட்டியிலிருந்து படம் எடுத்தாலும், அதை ஆன்டெனா சிக்னலாக மாற்றித்தர நடுவில் ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். மாடுலேட்டர் வாங்கும்போது கலர் முறையை மட்டும் பார்த்தால் போதாது, ஒலியின் இடைவெளியையும் பாருங்கள். கலர் முறையை பால் (PAL) என்று பொதுவாகச் சொன்னாலும், பி/ஜி ஒளிபரப்பு முறையில் ஒலி, படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், ஐ முறையில் 6, டி/கே முறையில் 6.5. அமெரிக்க என்டிஎஸ்சி என்றால் 4.5. படம் பளிச்சென்று வந்து ஒலி மட்டும் வெறும் இரைச்சலாக இருந்தால், டிவியைத் திறக்க வேண்டாம். முறை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

டெல்டா பெட்டியில் சேனல் மாற்ற, கடகடவென்று சுற்றும் டரெட் டியூனர். இன்லைன் பெட்டியில் பட்டன்கள், ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஒரு சின்னத் திருகு சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் வேரக்டர் டையோடுக்குப் போகும் வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து முப்பது சொச்சம் வரை மாறி, அதற்கேற்ப சேனல் நகரும். இரண்டிலும் சரியான இடத்தைப் பிடிக்க ஒரே வழி. சேனலைத் தானாகப் பிடித்துவைக்கும் ஏஎஃப்சி சுவிட்ச் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்கும். பிறகு ஃபைன் டியூனிங்கைத் திருகிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கலர் பகுதிகளின் மேல் புழு நெளிவது போல ஒரு கோலம் வரும். ஒலி அலையும் கலர் அலையும் மோதி வருவது அது. பி/ஜியில் ஒலியின் 5.5லிருந்து கலர் அலையின் 4.43 போக மீதி 1.07 மெகாஹெர்ட்ஸ். அந்தப் புழு மறையும் வரை மட்டும் பின்னால் வாருங்கள். அதுதான் இடம், அதற்கும் பின்னால் போனால் கலர் வெளுக்கும். இப்போது ஏஎஃப்சியைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒரு சுற்றில் டெல்டா பெட்டிதான் ஜெயித்தது. டரெட்டின் காண்டாக்டுகளை ஒருமுறை கிளீனர் போட்டுத் துடைத்ததும் அசையாமல் நின்றது. இன்லைன் பெட்டியின் சக்கரங்கள் வாரத்துக்கொரு முறை நகர்ந்தன. நான் ஒரே ஒரு சேனலைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால், அதிகம் தேயாத ஆறாம் பட்டனுக்கு மாற்றிக்கொண்டு விஷயத்தை முடித்தேன்.

இனிதான் கன்வர்ஜென்ஸ். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் முழுக் கட்டுரையும்.

மூன்று கற்றைகளும் திரையின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக விழ வேண்டும். விலகினால் வெள்ளைச் சட்டைக்குச் சிவப்புக் கரை ஒரு பக்கம், நீலக் கரை மறு பக்கம். எழுத்துகளெல்லாம் மூன்று முறை அச்சடித்தது போல இருக்கும். டெல்டாவில் துப்பாக்கிகள் முக்கோணமாக நிற்பதால், மூன்றும் மூன்று கோணத்திலிருந்து திரைக்கு வருகின்றன. நடுவில் சேர்த்துவிடலாம். ஓரத்துக்குப் போகப் போக மூன்றும் வெவ்வேறு திசையில் பிரிகின்றன. இதைச் சரிசெய்ய நடுவுக்கு நான்கு காந்தங்கள்: மூன்று நிறத்துக்கும் ஒவ்வொன்று, நீலத்தைப் பக்கவாட்டில் நகர்த்த இன்னொன்று. ஓரங்களுக்கு ஒரு தனி போர்டே உண்டு. அதில் காயிலும், திருப்புளியால் அளவை மாற்றும் சின்ன மின்தடையான பிரீசெட்டுமாகப் பன்னிரண்டுக்குக் குறையாத திருகுகள். மேல் ஓரத்துச் சிவப்பு-பச்சைக்கு ஒன்று, கீழ் ஓரத்துக்கு ஒன்று, இடப்பக்க நீலத்துக்கு ஒன்று என்று போகும். ஒன்றைத் தொட்டால் பக்கத்து ஒன்று நகரும்.

நான் செய்த வரிசை இது. பெட்டியை அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்தில், நிற்கப்போகும் திசையிலேயே வைத்தேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன். திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும், கையில் பிடிக்கும் டீகாஸ் காயிலால் திரையைச் சுற்றிச் சுற்றி வந்து, மெல்லப் பின்னால் நடந்து, இரண்டு மீட்டர் தள்ளி வந்த பிறகுதான் காயிலை அணைத்தேன். திரைக்கு அருகிலேயே அணைத்தால், இருந்ததைவிட மோசமாகக் காந்தம் ஏறிவிடும். பிறகு பச்சையையும் நீலத்தையும் அணைத்து, திரை முழுக்கச் சுத்தமான சிவப்பு வரும்வரை பியூரிட்டி வளையங்களையும் யோக்கையும் நகர்த்தினேன். ஒவ்வொரு கற்றையும் தன் நிறப் புள்ளிகளில் மட்டும் படுவதுதான் பியூரிட்டி. அதன் பிறகு கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டக் கோடுகள் போட்டு நடுக் கன்வர்ஜென்ஸ். அப்புறம் ஓரங்கள். நடுவைத் தொட்டால் பியூரிட்டி கொஞ்சம் கலையும், பியூரிட்டியைத் தொட்டால் நடு கலையும், எனவே மறுபடி முதலிலிருந்து.

மூன்று மாலைகள் ஆயின. நான்காம் நாள் படத்தைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று. டெல்டா டியூப்பின் கழுத்து 36 மில்லிமீட்டர், என் இன்லைனுக்கு 29. கழுத்து அகலமென்றால் துப்பாக்கியின் ஃபோகஸ் லென்ஸைப் பெரிதாக வைக்கலாம், கற்றை மெல்லியதாகும். வட்டப் புள்ளிகளால் ஆன அந்தப் படத்தில் ஒரு மென்மை இருந்தது. இன்லைனின் நீளப் பொட்டுகளில் அது வரவில்லை.

அது அப்படியே நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் இடது கீழ்மூலையில் நீலம் இறங்கிவிட்டது. திருகினேன், சரியானது. அடுத்த வாரம் அதே மூலை, இப்போது சிவப்பு. கன்வர்ஜென்ஸ் போர்டின் வயர்வவுண்ட் பிரீசெட்டுகள் சூட்டில் உழைப்பவை. வருடக் கணக்கில் வெந்து, தொடும் இடம் கறுத்து, விரலால் தட்டினாலே படம் துள்ளியது. ஒன்றை மாற்றினேன், பக்கத்து ஒன்று எரிந்தது. சாலிடர்களில் பாதி விரிசல் விட்டிருந்தன. எல்லாவற்றையும் மறுபடி வைத்த பிறகு ஒரு மாதம் அமைதி. பிறகு அறையைப் பெருக்குவதற்காக யாரோ பெட்டியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிவைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் டியூப்புக்கு வேறு திசையில் பட்டதும் ஒரு மூலை ஊதா பூத்தது. டீகாஸ் செய்ததும் பெரும்பாலும் போயிற்று, மீதிக்கு மறுபடி வளையம், வளையத்தைத் தொட்டதால் மறுபடி நடு, நடுவைத் தொட்டதால் மறுபடி ஓரம்.

அன்று மாலை அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதே, கோளாறு எனக்கா, உன் டிவிக்கா?”

இன்லைனில் இந்தக் கதையே இல்லை. துப்பாக்கிகள் ஒரே வரிசையில் இருப்பதால் கற்றைகள் மேலும் கீழும் பிரிவது பெரும்பாலும் தானாகவே ஒழிகிறது. பக்கவாட்டில் பிரிவதை யோக்கின் சுருணையே பார்த்துக்கொள்கிறது. கற்றைகளைப் பக்கவாட்டில் திருப்பும் காந்தப்புலத்தை ஒரு வடிவிலும், மேலும் கீழும் திருப்பும் புலத்தை அதற்கு நேர்மாறான வடிவிலும் அமைத்து, கற்றைகள் ஓரம்வரை சேர்ந்தே போகும்படி செய்துவிட்டார்கள். டெல்டாவில் ஒரு போர்டு முழுக்கப் பரவியிருந்த வேலை, இங்கே செம்புக் கம்பியைச் சுற்றிய விதத்திலேயே முடிந்துவிட்டது. தேய்வதற்கு பிரீசெட் இல்லை, வெடிப்பதற்குச் சாலிடர் இல்லை. கழுத்தில் சில காந்த வளையங்கள் மட்டும் உண்டு. யோக்கின் சாய்வைப் பிடித்து நிறுத்த ரப்பர் ஆப்புகள் உண்டு. தொழிற்சாலையில் வைத்து, பெயின்ட் சொட்டு விட்டுப் பூட்டியிருப்பார்கள். அந்தச் சொட்டு உடையாமல் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். என் பெட்டியில் நடுவில் ஒரு மயிரிழை சிவப்பு விலகித்தான் இருக்கிறது. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது, விட்டுவிட்டேன்.

இதைத் திருப்பியும் போட்டிருக்கிறேன், வேறு அறைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு மூலையில் லேசாக நிறம் மாறினால், பெட்டியை அணைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போடுவேன். உள்ளே இருக்கும் டீகாஸ் காயில் தன் வேலையைச் செய்துவிடும். உடனே அணைத்து உடனே போட்டால் பயனில்லை. அந்தக் காயிலுக்கு மின்சாரம் விடும் தெர்மிஸ்டர் ஆறியிருந்தால்தான் வேலை செய்யும்.

இன்லைனிலும் குறை உண்டு. டெல்டாவில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி ஜி2 (கற்றை எந்த அளவில் தொடங்கும் என்று வைக்கும் மின்வாய்) பிரீசெட் இருந்ததால், கிழடு தட்டிய ஒரு நிறத்தை இழுத்துப்பிடித்து வெள்ளையை வெள்ளையாக்க நிறைய இடமிருந்தது. என் இன்லைனில் மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஜி2. கழுத்து போர்டில் உள்ள பிரீசெட்டுகளால் முடிந்தவரைதான். சில இன்லைன் டியூப்களில் யோக்கைக் கண்ணாடியோடு ஒட்டியே அனுப்பினார்கள். அங்கே யோக் போனால் டியூப்பும் போன கணக்குத்தான்.

ட்ரினிட்ரானைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். ஒன்று என்னிடம் சில வாரமே இருந்தது. எனவே நான் சொல்வதைப் பாதி எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் துளைத் தகடான புள்ளி முகமூடிக்குப் பதில் செங்குத்துக் கம்பிகள் என்பதால் வெளிச்சம் கூடுதல், நிறம் கண்ணைப் பறிக்கும். கம்பிகள் அதிராமல் இருக்கக் குறுக்கே ஓடும் மெல்லிய இழையின் நிழல் வெளிறிய காட்சிகளில் தெரியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். கன்வர்ஜென்ஸில் அது எப்படி வயதாகிறது என்பதைச் சொல்லும் அளவுக்கு நான் அதோடு வாழவில்லை.

பாதுகாப்பு இரண்டுக்கும் பொது என்றாலும் சமம் இல்லை. இரண்டிலும் டியூப்பில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டு, அணைத்த பிறகும் தங்கும். இரண்டிலும் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸே நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்திருக்கலாம். பெட்டியை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பின்மூடியைத் திறந்து ஓடவிடக் கூடாது. ஆனால் கன்வர்ஜென்ஸ் செய்வதென்றால் பெட்டி ஓடும்போதே உள்ளே கை போக வேண்டும். ஒரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, மற்றதில் பிளாஸ்டிக் திருப்புளியுடன், கண்ணாடியில் படத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மூன்று மாலை இப்படி நிற்பதும், வருடத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து தூசி தட்டுவதும் ஒன்றல்ல. சில வால்வு கலர் பெட்டிகளில் டியூப்புக்கான உயர் வோல்டேஜைக் கையாளும் ஈஎச்டி வால்வுகளைச் சுற்றி ஓர் உலோகக் கூண்டும் இருக்கும். எக்ஸ்-கதிரைத் தடுக்க வைத்தது அது. அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஓட்டவே கூடாது.

மின்சாரச் செலவும் டெல்டாவுக்குத்தான் கூடுதல். என் மரப்பெட்டி ஓடும்போது அறைக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை.

மரப்பெட்டியை வாங்கிப்போனவர் இதே பித்துப் பிடித்தவர். அவரிடம் சொந்தமாக, சோதனைக் கோடுகள் போடும் பேட்டர்ன் ஜெனரேட்டர் இருக்கிறது, ஒரு டப்பா நிறைய வயர்வவுண்ட் பிரீசெட் இருக்கிறது. என்னைவிட அவர் கையில்தான் அந்தப் பெட்டி நன்றாக இருக்கும்.

நீங்கள் டெல்டா பெட்டி ஒன்றைப் பார்க்கப் போனால், போட்டுக் காட்டியதும் மயங்காதீர்கள். இருபது நிமிடம் ஓடட்டும். பிறகு கலர் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நடுவைப் பார்க்க வேண்டாம், நான்கு மூலைகளையும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எங்காவது நிறம் கசிந்தால் அத்தனையும் உங்கள் தலையில் விழப்போகும் வேலை. பெட்டியின் பக்கவாட்டை லேசாக ஒரு தட்டு தட்டியும் பாருங்கள். நான் போன அன்று ஐந்து நிமிடம் பூந்தோட்டக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.