நாலு வருஷ 114 எம்.எம். தொலைநோக்கி: கண்ணாடி தங்கம், ஸ்டாண்டு தகரம்

நீ வைத்திருக்கிற தொலைநோக்கி விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் ஸ்டாண்டுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

900 எம்.எம். குவியத் தூரம், ஈக்வடோரியல் மவுண்ட் (ஒரே அச்சைத் திருப்பி, நகரும் வானத்தைத் துரத்துகிற தாங்கி), இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், விடுங்கள். பெட்டியில் போடாதது, சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது என்பதை. மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காசிமேட்டு மொட்டைமாடியில் அது அடிவானத்துக்கு 13 டிகிரி மேலே, அதாவது பக்கத்துத் தெரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கேயோ. சரி, திசைகாட்டியை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அச்சை அவ்வளவு தாழ்த்தினால், எதிர் எடை மாட்டுகிற கம்பி கீழே வரும்போது ஸ்டாண்டின் வடக்குக் காலில் டங்கென்று இடிக்கிறது. கம்பி எப்போது கீழே வரும்? கிழக்கே தாழ்வாக எதையாவது பார்க்கும்போது. எனக்குத் திறந்திருக்கிற ஒரே பக்கம் கிழக்கு, கடல்! இடிக்காமலிருக்க அச்சை 20க்கு மேல் தூக்கினால், ஒற்றைக் குமிழைத் திருகியே கிரகத்தைப் பிடித்து வைக்கிற வசதி போச்சு. 90 மடங்கில் வியாழன் 2 நிமிடத்தில் நழுவிவிடும். இப்படித் தூக்கித் தூக்கித் தாழ்த்தியதில், உப்புக்காற்றில் துருவேறிய போல்ட் போன வாரம் முறிந்தது. விற்ற கடையில் முழு மவுண்டாக வாங்கச் சொன்னார்கள். செம்புதாஸ் தெருவில் துருப்பிடிக்காத ஒரு எஸ்.எஸ். போல்ட் வாங்கி மாட்டினேன், முடிந்தது.

உள்ளே ஒளியைக் குவிக்கிற கண்ணாடியைக் குறை சொன்னால் மட்டும் நாக்கு அழுகிவிடும். புரட்டாசியில் ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு, கடலுக்குக் கிளம்புமுன் கீழ் வீட்டு நைனா மாடிக்கு வந்தார். கிழக்கே வியாழனைக் காட்டி, "அது செட்டியைக் கெடுத்த வெள்ளிபா, விடிவெள்ளின்னு நம்பி மூட்டைய தூக்கினு கிளம்பிட்டான் அவன்" என்றார். கண்ணை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "இன்னாபா, பக்கத்துல நாலு பொடி?" நிலாக்கள் நைனா என்றேன். 1610இல் கலிலியோ பார்த்த அதே நாலு. அந்த நாலில் வியாழனை ஒட்டிச் சுற்றுகிற அயோவுக்கு ஒரு சுற்றுக்கு 42 மணி நேரம் சொச்சம்தான். மறுநாளும் வந்தார். "நேத்து இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டு. இன்னிக்கு ஒரே பக்கம் மூணு." நான் நோட்டில் வரைந்து வைத்ததைப் பார்த்தேன், சரிதான்.

சனியைப் பற்றியும் நண்பன் கேட்டான். 2025இல் வளையம் ஊசி மாதிரி மெலிந்துபோயிருந்தது, அது தொலைநோக்கியின் தப்பில்லை. கிட்டத்தட்ட 15 வருடத்துக்கு ஒருமுறை வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும்.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே, பாதி விலைக்குக் கொடுத்தாலும். இதே கண்ணாடி டாப்சோனியன் பலகையில் (துருவத்தைத் தேடாமல், கையால் தள்ளியே திருப்புகிற எளிய தாங்கி) கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. மார்க்கு 5க்கு 2. நைனாவைக் கேட்டால் 4 போடச் சொல்வார், ஆனால் போல்ட் முறிந்தபோது நசுங்கியது என் கட்டைவிரல்.